உப்புக் கரைசலில் தாவரச் செல் சுருங்குவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்புக்குத் தாவரவியல் எடுக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் சவ்வூடு பரவல் பாடம், அதாவது சவ்வின் வழியே தண்ணீர் நகர்வதைப் பற்றிய பாடம், முடிந்து செய்முறை வகுப்பு தொடங்கும் வாரத்தில் அதே கேள்விகள் வெவ்வேறு வாயிலிருந்து வரும். பிள்ளைகள் மட்டுமல்ல, பெற்றோர் கூட்டத்துக்கு வரும் அணைக்கட்டுப் பக்கத்து விவசாயிகளும் கேட்பார்கள். அவர்கள் சவ்வூடு பரவல் என்ற சொல்லைச் சொல்ல மாட்டார்கள். "உரம் போட்டேன், செடி கருகிடுச்சு டீச்சர்" என்பார்கள். இரண்டும் ஒரே கேள்விதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மிஸ், உயிர்மச் சுருக்கத்தில் முழுச் செல்லுமா சுருங்குகிறது?

இல்லை. முதல் தடுமாற்றமே இங்கேதான். செறிந்த கரைசலில் செல்லின் உள்ளே இருப்பது சுவரைவிட்டு விலகிச் சுருங்குவதைத்தான் உயிர்மச் சுருக்கம் என்கிறோம். தாவரச் செல்லுக்கு இரண்டு எல்லைகள். வெளியே செல்லுலோஸ் நார்களால் ஆன செல்சுவர். அதன் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு மிக மெல்லிய பிளாஸ்மா சவ்வு. சவ்வுக்குள் சைட்டோபிளாசமும் உட்கருவும் பசுங்கணிகமும் ஓரமாக ஒண்டியிருக்க, நடுவில் வாக்குவோல் என்ற பை சாறு நிரம்பி உட்கார்ந்திருக்கும். முதிர்ந்த செல்லில் பத்தில் ஒன்பது பங்கு இடத்தைக்கூட அது பிடித்துக்கொள்வதுண்டு.

மூங்கில் கூடைக்குள் ஒரு பலூனை வைத்து, கூடையின் பக்கங்களை முட்டும்வரை ஊதியதாக நினைத்துக்கொள்ளுங்கள். கூடைதான் செல்சுவர், பலூனின் ரப்பர்தான் சவ்வு. காற்றுக்குப் பதில் உள்ளே தண்ணீர். நன்றாகத் தண்ணீர் குடித்த இலையில் இந்தப் பலூன் கூடையைத் தள்ளும் விறைப்பு அழுத்தம் பொதுவாக 3 முதல் 10 வளிமண்டல அழுத்தம்வரை இருக்கும். கார் டயரில் அடிக்கும் காற்று 2 வளிமண்டல அழுத்தத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். எலும்பில்லாத கீரைத்தண்டு நிமிர்ந்து நிற்பது இந்த பலத்தில்.

இந்தச் செல்லை உப்பு அல்லது சர்க்கரை மிகுந்த கரைசலில் போட்டால் பலூனிலிருந்து தண்ணீர் வெளியேறும். முதலில் விறைப்பு குறைந்து சுவர் கொஞ்சம் தளரும். அந்தக் கட்டத்தில் நுண்ணோக்கியில் பெரிதாக எதுவும் தெரியாது. பிறகு மூலைகளில் சவ்வு சுவரைவிட்டு விலகத் தொடங்கும். கடைசியில் உள்ளே இருப்பது முழுவதும் ஓர் உருண்டையாகத் திரண்டு நிற்கும். கூடை மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும்.

உப்பு தண்ணீரை இழுக்கிறது என்று எழுதலாமா?

பேச்சில் சொல்லலாம், விடைத்தாளில் வேண்டாம். சவ்வின் இருபுறமும் தண்ணீர் மூலக்கூறுகள் எந்நேரமும் போய் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வெளியே உப்பு கரைந்திருந்தால் அங்கே தண்ணீரின் நீரியல் திறன், அதாவது தண்ணீருக்கு அங்கிருந்து நகர்ந்துபோகும் நாட்டம், குறைவு. ஆகவே உள்ளே வருவதைவிட வெளியே போவது அதிகமாகிறது. நிகரக் கணக்கில் செல்லுக்கு நட்டம். தூய நீரின் நீரியல் திறன் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, எதைக் கரைத்தாலும் அது பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் என்று நினைவில் வைத்தால் போதும். தண்ணீர் எப்போதும் அதிகத் திறன் உள்ள பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு நகரும்.

சவ்வு கொழுப்பால் ஆனதாயிற்றே, தண்ணீர் இவ்வளவு வேகமாக எப்படிக் கடக்கிறது என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. அதற்கென்றே அக்குவாபோரின் என்ற புரதங்கள் சவ்வில் நுண்ணிய வாய்க்கால்களாகப் பதிந்திருக்கின்றன. அவற்றைக் கண்டறிந்ததற்காகப் பீட்டர் ஆக்ரே 2003-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சுருங்கிய பிறகு சுவருக்கும் சவ்வுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் என்ன இருக்கிறது?

இந்த ஒரு கேள்விக்குச் சரியாக விடை சொல்கிற பிள்ளைக்கு இந்தப் பாடம் முழுவதும் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வேன். வகுப்பில் கேட்டால் நான்கு விடைகள் வரும். காற்று என்பார்கள். வெற்றிடம் என்பார்கள். செல்லிலிருந்து வெளியேறிய தண்ணீர் என்று பாதிப் பேர் எழுதுவார்கள். செல்சாறு என்பவர்களும் உண்டு. நான்கும் தவறு.

அங்கே இருப்பது வெளியே நாம் ஊற்றிய அதே கரைசல். உப்புக் கரைசல் என்றால் உப்புக் கரைசல், சர்க்கரைக் கரைசல் என்றால் சர்க்கரைக் கரைசல். செல்லிலிருந்து வந்த தண்ணீரும் அதில்தான் கலந்திருக்கும், ஆனால் அது தனியாக அங்கே தேங்கி நிற்பதில்லை.

ஏன் இப்படி? கூடையை மறுபடி பாருங்கள். மூங்கில் பின்னலில் நிறைய இடுக்கு. செல்சுவரும் அப்படித்தான். செல்லுலோஸ் நார்களுக்கு நடுவே உள்ள நுண்துளைகள் வழியாகத் தண்ணீரும் புகும், அதில் கரைந்த உப்பும் சர்க்கரையும் புகும். இவை எதையும் சுவர் தடுத்து நிறுத்தாது. தடுப்பது சவ்வு. தண்ணீரை விட்டுவிட்டு உப்பையும் சர்க்கரையும் வாசலிலேயே நிறுத்துவது அதுதான். இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொண்டிருந்தால் இடைவெளியே உண்டாகாது. சுவர் உப்பைத் தடுத்திருந்தால் கரைசல் உள்ளே வந்திருக்காது. சவ்வு உப்பைத் தடுக்காமல் விட்டிருந்தால் தண்ணீர் வெளியேறக் காரணமே இருந்திருக்காது. ஆகவே அந்த இடைவெளியைக் கண்ணால் பார்த்த நொடியில், சுவர் தண்ணீரையும் உப்பையும் விடுகிறது, சவ்வு தேர்ந்து விடுகிறது என்ற இரண்டு உண்மைகளையும் சேர்த்தே பார்த்துவிடுகிறீர்கள்.

கல்லூரி ஆய்வகங்களில் இதை இன்னும் தெளிவாகக் காட்டலாம். எவான்ஸ் நீலம் என்ற சாயம் உயிருள்ள சவ்வுக்குள் நுழையாது. அதை வெளிக்கரைசலில் கலந்தால் இடைவெளி மட்டும் நீலமாகும், உள்ளே உள்ள உருண்டை நீலமாகாது.

ரியோ இலை கிடைக்கவில்லை. வெங்காயத்தில் செய்யலாமா?

தாராளமாக. ரியோ செடியின் இலை அடிப்பக்கம் ஊதாவாக இருப்பதால் பள்ளிகளில் அதைக் கேட்கிறார்கள், வேறு ரகசியம் இல்லை. பூங்காக்களில் ஓரச்செடியாக வைப்பார்கள். கிடைக்காவிட்டால் சந்தையில் நல்ல சிவப்புப் பெரிய வெங்காயமாக ஒன்று வாங்கி வாருங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். வெங்காய இதழின் உட்குழிந்த பக்கத்திலிருந்து தோல் சுலபமாக உரிந்து வரும் என்பதால் பிள்ளைகள் அதையே எடுப்பார்கள். அது நிறமற்றது. சுருங்கினாலும் கண்ணுக்குப் பிடிபடாது. சாயம் இருப்பது புடைத்த வெளிப்பக்கத் தோலில், அந்தச் செல்களின் வாக்குவோல் சாற்றில். காய்ந்த சருகை நீக்கிவிட்டு, முதல் சதைப்பற்றுள்ள இதழின் வெளிப்பக்கத்தில் பிளேடால் சிறு கட்டம் கீறி, இடுக்கியால் மெதுவாக உரியுங்கள். விரல்நகத்தில் பாதி அளவு போதும்.

கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர், அதன்மேல் தோல், அதன்மேல் மூடு கண்ணாடி. பத்து மடங்குப் பொருளருகு லென்ஸில் முதலில் சாதாரண நிலையைப் பார்த்துப் படம் வரைந்துகொள்ளுங்கள். நீண்ட செங்கல்களை அடுக்கியதுபோல் செல்கள். ஒவ்வொன்றும் விளிம்புவரை இளஞ்சிவப்பு. பிறகு மூடு கண்ணாடியின் ஒரு விளிம்பில் உப்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டு, எதிர் விளிம்பில் வடிதாளை வைத்துத் தண்ணீரை உறிஞ்ச விடுங்கள். கண்ணை லென்ஸிலிருந்து எடுக்காதீர்கள். சில நிமிடங்களில் ஒரு மூலையில் சிவப்பு விலகி, அங்கே ஒரு தெளிந்த முக்கோணம் தோன்றும். பிறகு எதிர் மூலையில். சாயம் வெளியே போக முடியாமல் குறைந்த இடத்தில் நெருக்கப்படுவதால், சுருங்கச் சுருங்க நிறம் அடர்ந்துகொண்டே போகும். இளஞ்சிவப்பாக இருந்தது மாதுளைச் சாறு மாதிரி ஆகும். நான் மாணவியாக முதன்முதலில் இதைப் பார்த்தபோது எனக்குப் பிடித்துப்போனது சுருக்கத்தைவிட இந்த நிறம் திரளும் அழகுதான். இன்றைக்கும் பிள்ளைகளின் முகத்தில் அந்த நொடியைப் பார்ப்பதற்காகவே பக்கத்தில் நிற்பேன்.

உப்பா, சர்க்கரையா? எவ்வளவு போட வேண்டும்?

இரண்டிலும் வரும். அளவுதான் வேறு. 100 மில்லி கரைசலில் 10 கிராம் சர்க்கரை என்றால் ஏறக்குறைய 0.3 மோலார், அதாவது லிட்டருக்கு 0.3 மோல் (மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு). வெங்காயச் செல்லின் சாறும் கிட்டத்தட்ட அந்த வட்டாரத்தில்தான் இருக்கும். எனவே 10 சதவீதச் சர்க்கரையில் சில செல் விலகும், சில செல் விலகாது. 25 அல்லது 30 சதவீதம் எடுத்தால் சந்தேகமில்லாமல் தெரியும். உப்பில் 1 சதவீதமே எல்லைக்கோட்டுக்கு வந்துவிடும். 3 முதல் 5 சதவீதம் போதுமானது.

இவ்வளவு வித்தியாசம் ஏன் என்றால், சவ்வூடு பரவலுக்கு எடை முக்கியமல்ல, துகள்களின் எண்ணிக்கைதான் முக்கியம். ஒரு மோல் சர்க்கரை 342 கிராம். கரைத்தால் ஒரு மோல் துகள். ஒரு மோல் உப்பு 58.5 கிராம். கரைந்ததும் சோடியம் தனி, குளோரைடு தனி என இரண்டு மோல் துகள். ஒரே எடையில் உப்புக்குச் சர்க்கரையைப் போல ஏறக்குறைய 12 மடங்கு வேலை. ஊறுகாய்க்குப் போடும் உப்பையும் ஜாமுக்குப் போடும் சர்க்கரையையும் ஒப்பிட்டாலே இது தெரியும். ஜாமில் பழத்துக்குச் சமமாகச் சர்க்கரை கொட்டுகிறோம்.

நான் செய்தேன், எதுவுமே சுருங்கவில்லை. ஏன்?

தோல் காய்ந்துபோயிருக்கலாம், அல்லது உரிக்கும்போதே செல்கள் கிழிந்திருக்கலாம். கிழிந்த செல் நிறமின்றி வெறுங்கூடாகத் தெரியும். கரைசல் மூடு கண்ணாடிக்கு அடியில் போகாமல் மேலேயே நின்றிருந்தாலும் எதுவும் நடக்காது.

செல் உயிரோடு இல்லாவிட்டாலும் சுருங்காது. இதைத் தோல்வி என்று எண்ணாதீர்கள், வேண்டுமென்றே செய்து பார்க்க வேண்டிய சோதனை இது. ஒரு தோல்துண்டைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து உப்புக் கரைசலில் வையுங்கள். சாயம் கசிந்து வெளியேறும். உருண்டை திரளாது. சூட்டில் சவ்வு கெட்டுவிட்டது, காவல் போய்விட்டது. பீட்ரூட் வேகும்போது சட்டித் தண்ணீர் முழுக்கச் சிவப்பாவதும் இதனால்தான். உயிர்மச் சுருக்கம் உயிருள்ள செல்லில் மட்டும் நடக்கும் என்று புத்தகம் சொல்வதன் பொருள் இதுவே.

பிரியாணிக்கு வைக்கும் தயிர் வெங்காயத்தில் தண்ணீர் விடுவதும் இதுவா?

ஆம். ஆம்பூர்க்காரர்கள் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெங்காயத்தை நறுக்கித் தயிரில் போட்டு உப்புச் சேர்த்து அரைமணி நேரம் வைத்தால் கெட்டித் தயிர் நீர்த்துப்போகும், வெங்காயம் துவளும். நறுக்கிய இடத்தில் உடைந்த செல்களின் சாறு கொஞ்சம் கலக்கிறது என்றாலும், பெரும்பங்கு உப்பு கரைந்து முழுச் செல்களிலிருந்து தண்ணீர் வெளியேறுவதால் வருவது. பரிமாறும் நேரத்தில் உப்புப் போட்டால் வெங்காயம் நறுக்கென்று இருக்கும். பாகற்காயில் உப்புப் பிசறிப் பிழிவதும், மாவடு ஜாடியில் இரண்டாம் நாளே தண்ணீர் ஊறி வடுக்கள் சுருங்கி நிற்பதும் இதே கணக்கு. நாள்பட்ட மாவடுவில் செல்கள் இறந்துவிடும். அதைத் திரும்பத் தண்ணீரில் போட்டுப் பழைய மாவடு ஆக்க முடியாது.

அக்னி நட்சத்திர வெயிலில் செடி வாடுவதும் உயிர்மச் சுருக்கம்தானே?

இல்லை. பல வழிகாட்டி நூல்களில் ஆம் என்று எழுதியிருப்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மே மாதம் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும் பகலில் பூசணி இலை குடைபோல் தொங்கிவிடும். மாலையில் தானே நிமிரும். அங்கே செல் தண்ணீரை இழந்தது உண்மை, விறைப்பு அழுத்தம் போனதும் உண்மை. ஆனால் அந்தச் செல்லைச் சுற்றி இருப்பது உப்புக் கரைசல் அல்ல, காற்று. உயிர்மச் சுருக்கம் நடக்க வேண்டுமானால் விலகும் சவ்வுக்குப் பின்னால் அந்த இடத்தை எதாவது வந்து நிரப்ப வேண்டும். ஆய்வகத்தில் கரைசல் நிரப்பியது. இலையில் காற்று நுழைந்து நிரப்பலாமே என்றால், முடியாது. செல்சுவரின் துளைகள் மிக மிக நுண்ணியவை, ஈரம் நிறைந்தவை. அந்த ஈரத்தின் பரப்பு இழுவிசை காற்றை உள்ளே விடாது. அதனால் உள்ளே இருப்பது சுருங்கும்போது சுவரும் சேர்ந்தே உள்வாங்கி மடிகிறது. பலூனோடு கூடையும் கசங்குகிறது. இதற்கு உயிரியலில் சைட்டோரைசிஸ் என்று தனிப் பெயரே உண்டு. சுவரின் துளையில் நுழைய முடியாத அளவு பெரிய மூலக்கூறுகளைக் கொண்ட பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலில் செல்லைப் போட்டாலும் இப்படித்தான் சுவரோடு கசங்கும்.

இயற்கையில் நிலத்தாவர இலையில் அசல் உயிர்மச் சுருக்கம் அபூர்வம். செறிந்த கரைசல் செல்லை நேரடியாகத் தொடும் இடங்களில்தான் அதற்கு வாய்ப்பு. வேர் அப்படி ஓர் இடம்.

தொட்டாற்சிணுங்கி?

அதுவும் இல்லை. இலைக்காம்பின் அடியில் உள்ள புடைப்பில் ஒரு பக்கச் செல்கள் பொட்டாசியத்தையும் தண்ணீரையும் சட்டென்று வெளியே விட்டு விறைப்பை இழக்கின்றன. சில நிமிடங்களில் மீண்டும் நிரப்பிக்கொள்கின்றன.

ரத்தச் சிவப்பணுவை உப்புத் தண்ணீரில் போட்டால் இதே பெயர் சொல்லலாமா?

கூடாது. சிவப்பணுவுக்குச் சுவர் இல்லை. கூடையே இல்லாத பலூன் அது. சுருங்கினால் முழுதாகச் சுருங்கி ஓரமெல்லாம் முள்முள்ளாகும். எதிலிருந்தும் விலகுவதற்கு இடமில்லை. தூய நீரில் போட்டால் ஊதி வெடித்தே விடும். தாவரச் செல் வெடிக்காது, சுவர் தாங்கிக்கொள்ளும். மருத்துவமனைகளில் ஏற்றும் சலைன் பாட்டிலில் 0.9 சதவீதம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். லிட்டருக்கு 9 கிராம் உப்பு. ரத்தச் செல் சுருங்கவும் ஊதவும் செய்யாத ஐசோடானிக் அளவு அது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு உறவினரைப் பார்க்கப் போகும்போது அந்தப் பாட்டிலை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

பிளாஸ்மா சிதைவு, உயிர்மச் சுருக்கம், எதை எழுதுவது?

இரண்டுக்கும் மதிப்பெண் கிடைக்கும். உயிர்மச் சுருக்கம்தான் நல்ல பெயர் என்பது என் கருத்து. சிதைவு என்றால் எதோ உடைந்து அழிந்துபோனதாகத் தோன்றும், இங்கே எதுவும் சிதையவில்லை. இலங்கைப் பாடநூல்களில் முதலுருச் சுருக்கம் என்பார்கள். சவ்வூடு பரவலை அங்கே பிரசாரணம் என்பார்கள். இணையத்தில் தேடும்போது உதவும்.

இதை முதலில் கண்டுபிடித்தது யார்?

ஒருவர் பெயரில் அடக்க முடியாது. சவ்வின் வழியே திரவம் நகர்வதை 1748-இல் பிரான்சில் நொலே என்ற பாதிரியார் பன்றியின் சிறுநீர்ப்பையை வைத்துக் காட்டினார். 1820-களில் துத்ரோஷே அதை விரிவாக ஆராய்ந்து உட்புகுவதற்கும் வெளியேறுவதற்கும் தனித்தனிப் பெயர் தந்தார். தாவரச் செல்லில் நடக்கும் இந்தச் சுருக்கத்துக்குப் பெயர் சூட்டி அதையே ஓர் அளவுகோலாக மாற்றியவர் டச்சுக்காரரான ஹியூகோ டி விரீஸ். ஆண்டு 1877. எந்தச் செறிவில் சவ்வு சுவரைவிட்டு லேசாக விலகத் தொடங்குகிறதோ அந்தச் செறிவே செல்சாற்றின் செறிவுக்குச் சமம் என்பது அவர் கண்ட வழி. வெவ்வேறு உப்புகளை இப்படி ஒப்பிட்டு அவர் சேர்த்த அளவீடுகள், அதே காலத்தில் வில்ஹெல்ம் ஃபெஃபர் எடுத்த அழுத்த அளவீடுகளோடு சேர்ந்து, வான்ட் ஹாஃப் கரைசல்களின் விதியை உருவாக்கக் கைகொடுத்தன. 1901-இல் வழங்கப்பட்ட முதல் வேதியியல் நோபல் பரிசு வான்ட் ஹாஃபுக்குத்தான். ஓர் இலைத்தோலைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்ததற்கு அந்தப் பரிசில் பங்குண்டு என்று வகுப்பில் சொல்வேன்.

1912-இல் ஹெக்ட் இன்னொன்றைக் கவனித்தார். சவ்வு விலகும்போது முழுவதும் பிய்த்துக்கொண்டு வருவதில்லை. மிக மெல்லிய இழைகள் சுவரைப் பிடித்தபடி நீளுகின்றன. அவற்றுக்கு ஹெக்ட் இழைகள் என்று பெயர். நம் பள்ளி நுண்ணோக்கியில் எதிர்பார்க்க வேண்டாம்.

சுருங்கிய செல் பழைய நிலைக்கு வருமா?

வரும், சீக்கிரம் தண்ணீர் கொடுத்தால். அதே தகட்டில் உப்புக் கரைசலை வடிதாளால் எடுத்துவிட்டுத் தூய நீர் விடுங்கள். உருண்டை ஊதி மறுபடி மூலைகளைத் தொடும். இதை உயிர்மச் சுருக்க மீட்சி என்கிறோம். நீண்ட நேரம் சுருங்கியே கிடந்தால் சவ்வு பழுதாகிவிடும். கெட்டியான உப்புக் கரைசலிலிருந்து சட்டென்று தூய நீருக்கு மாற்றினாலும் சில செல்களில் சவ்வு தாங்காமல் கிழியும். கொஞ்சம் கொஞ்சமாக நீர்க்க விடுவது நல்லது.

உலர்திராட்சை ஊறிப் பருப்பதை இதற்கு எடுத்துக்காட்டாக எழுதாதீர்கள். காய்ந்தபோதே அந்தச் செல்கள் இறந்துவிட்டன.

ஓர் அழகான விதிவிலக்கு யூரியா. யூரியாக் கரைசலில் போட்ட செல் முதலில் சுருங்கும். தண்ணீர் மாற்றாமல் விட்டாலே மெதுவாகத் தானே மீண்டும் விரியும். யூரியா சவ்வு வழியாகச் சிறுகச் சிறுக உள்ளே புகுந்துவிடுவதால் இருபுறமும் செறிவு நெருங்கி, தண்ணீரும் திரும்பிவருகிறது.

டீச்சர், யூரியா போட்ட மறுநாளே கத்தரிச் செடி கருகிவிட்டது. மருந்து எதாவது அடிக்கணுமா?

இதைக் கேட்டவர் இலவம்பாடிப் பக்கம் முள்ளு கத்தரி வைத்திருக்கும் ஒரு மாணவனின் அப்பா. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தக் கத்தரிக்காய்க்கு எங்கள் ஊரில் தனி மரியாதை. அவர் வெயில் ஏறிய பிறகு, காய்ந்த மண்ணில், ஒவ்வொரு தண்டின் அடியிலும் ஒரு கைப்பிடி வைத்துவிட்டு லேசாகத் தண்ணீர் தெளித்திருந்தார். உரம் அங்கேயே கரைந்து வேரைச் சுற்றிக் கெட்டியான கரைசலாக நின்றது. வேர்ச்செல்லால் தண்ணீர் எடுக்க முடியவில்லை. இருந்ததையும் இழந்தது. இலையோ அந்த வெயிலில் ஆவியாக விட்டுக்கொண்டே இருந்தது. இலை ஓரம் முதலில் பழுப்பாகும். யூரியா தானே உள்ளே போய்விடும் என்று மேலே சொன்னேனே என்று கேட்கலாம். அதற்கு நேரம் பிடிக்கும். அளவு மிஞ்சினால் மண்ணில் யூரியாவிலிருந்து வெளிவரும் அம்மோனியாவும் வேரைச் சுடும்.

இதற்கு மருந்து கிடையாது, தண்ணீர்தான். கரையாத உரம் கண்ணில் பட்டால் எடுத்துவிடுங்கள். பிறகு வேர்ப்பகுதி நன்றாக நனைந்து வடியும்படி பாய்ச்சுங்கள். துளிர் பச்சையாக இருக்கும் செடி பிழைக்கும். அடுத்த முறை தண்டைவிட்டுத் தள்ளி, ஈரமண்ணில், சிறிது சிறிதாகப் பிரித்து வைத்து மண்ணால் மூடுங்கள்.

பச்சைத்தோலுக்கு உப்பு போடுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பிள்ளைகள் வீட்டிலேயே பார்த்திருப்பார்கள். உரித்த தோல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். தோலின் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் உப்பைத் தடவி அடுக்கினால் தோலிலிருந்து தண்ணீர் வெளியேறும், அதன்மேல் வளரும் பாக்டீரியாவும் தண்ணீரை இழந்து முடங்கும். பாக்டீரியாவுக்கும் சுவர் உண்டு என்பதால் அங்கே நடப்பதை உயிர்மச் சுருக்கம் என்றே சொல்லலாம். பதனிடும் முன் அந்தத் தோலை ஊற வைத்து உப்பைக் கழுவியாக வேண்டும். கழுவிய உப்பு எங்கே போயிற்று என்பதுதான் எங்கள் பாலாற்றங்கரையின் கதை.

கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது. ஈரம் இருந்தும் பயிர் வாடுகிறது. ஏன்?

எங்கள் தாத்தாவின் நிலம் பாலாற்றை ஒட்டி இருந்தது. நான் சிறுமியாக இருந்தபோது அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வெந்தது. பிறகு வேகவில்லை. மேலே இருந்த ஒரு தொழிற்சாலையின் கழிவு ஓடை வழியாக வந்தது என்று ஊரார் எல்லோருக்கும் தெரியும். தாத்தா நெல்லை விட்டார், காய்கறியை விட்டார், கடைசியில் தென்னை மட்டும் நின்றது. தென்னை உப்பை ஓரளவு தாங்கும், கத்தரியும் அவரையும் தாங்காது. அந்த மண்ணைக் கையில் எடுத்தால் ஈரமாகத்தான் இருக்கும். "தண்ணீர் நிக்குது, செடி ஏன் குடிக்க மாட்டேங்குது" என்று தாத்தா கேட்டதற்கு அன்று எனக்கு விடை தெரியாது. நான் தாவரவியல் எடுத்ததற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

விடை இதுதான். மண்நீரில் உப்பு ஏற ஏற அதன் நீரியல் திறன் இறங்குகிறது. வேர்ச்செல்லின் திறன் அதைவிடக் கீழே இருந்தால்தான் தண்ணீர் உள்ளே வரும். செடியும் சும்மா இருப்பதில்லை. தன் செல்லுக்குள் சர்க்கரையையும் புரோலின் போன்ற பொருள்களையும் சேர்த்துத் தன் திறனைக் கீழே இறக்கப் பார்க்கும். அதற்குச் செலவாகும் சக்தி வளர்ச்சியிலிருந்து போகிறது, செடி குட்டையாகிறது. மண்ணின் உப்பு அதையும் தாண்டினால் ஈரத்துக்கு நடுவிலேயே தாகம். நாளடைவில் சோடியமும் குளோரைடும் இலையில் சேர்ந்து தனியாக நஞ்சாகவும் வேலை செய்யும்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, தமிழ்நாட்டின் தோல் தொழில் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதைக் குறிப்பிட்டது. மாசுபடுத்துபவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்ற தீர்ப்பு அது. சட்டக் கல்லூரிகளில் வேலூர் வழக்கு என்றே படிக்கிறார்கள். அதை வாசிக்கும்போதெல்லாம் அந்த 35,000 ஹெக்டேரிலும் ஒவ்வொரு வேர்நுனியிலும் நம் கண்ணாடித் தகட்டில் பார்த்த அதே இழுபறிதான் நடந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த மண்ணுக்கு இப்போது என்ன செய்யலாம்?

முதலில் அளந்து பாருங்கள், நாக்கில் வைத்துத் தீர்மானிக்காதீர்கள். கிணற்று நீரையும் மண்ணையும் வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டி, மின்கடத்துத்திறன் (உப்பின் அளவைக் காட்டுவது) எவ்வளவு, சோடியம் எவ்வளவு என்று கேளுங்கள். வெறும் உப்பு மண் என்றால் நல்ல தண்ணீரை நிறையப் பாய்ச்சி உப்பை வேருக்குக் கீழே இறக்கலாம், ஆனால் வடிகால் இருக்க வேண்டும். வடிகால் இல்லாமல் பாய்ச்சினால் தண்ணீர் ஆவியாகி உப்பு மறுபடி மேலே வந்து நிற்கும். சோடியம் மிஞ்சிய களர் மண் என்றால் முதலில் ஜிப்சம் இட்டுப் பிறகு வடிக்க வேண்டும். எது என்று தெரியாமல் ஜிப்சம் மூட்டையை வாங்கிக் கொட்டுவது வீண் செலவு.

உப்பு நீரைத் தவிர வேறு வழியில்லை என்றால் நாற்றுப் பருவத்தில் மட்டுமாவது மழைநீரோ நல்ல நீரோ கொடுங்கள். இளம் வேருக்குத்தான் தாங்கும் சக்தி மிகக் குறைவு. மண் முழுக்கக் காயும்வரை காத்திருந்து பாய்ச்சாதீர்கள். காயக் காய மிச்சமிருக்கும் ஈரத்தில் உப்பு கெட்டியாகிக்கொண்டே போகும். அடிக்கடி, கொஞ்சமாக, வேரடியில் பாய்ச்சுங்கள். இலைமேல் தெளித்தால் தண்ணீர் உலர்ந்த பிறகு உப்பு அங்கேயே தங்கி ஓரங்களைக் கருக்கும்.